இடப்பக்கக் கண்ணாடி

பெயிண்ட் வேலை முடிந்து காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். ஏறக்குறைய என் வயதுள்ள கார் அது. துருப்பிடித்த கூடாக வாங்கி, உயரத்தைக் குறைத்து, கதவுக் கைப்பிடிகளைக்கூட எடுத்துவிட்டு ரிமோட்டில் திறக்கும்படி செய்து, கரும்பச்சை அடித்து வைத்திருந்தேன். பல்லாவரத்தில் கார்களுக்கு சீட் தைக்கும் கடை என்னுடையது. ஊரார் வண்டிகளுக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒரு காருக்குத் தைத்துக்கொள்ள ஐம்பது வயதைத் தாண்டவேண்டியிருந்தது. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கண்ணாடி எங்கங்க?" என்றாள்.

"எந்தக் கண்ணாடி?"

"பின்னாடி வர்றவங்களைப் பாக்கற கண்ணாடி. ரெண்டு பக்கமும் காணோம்."

உள்ளே நடுவில் ஒன்று இருக்கிறது என்றேன். இடப்பக்கம் இந்தக் காருக்கு எப்போதுமே கண்ணாடி இருந்ததில்லை. வலப்பக்கம் இருந்த ஒன்றையும் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, இருந்த சுவடே தெரியாமல் தேய்த்துக் கொடுத்திருந்தார் பாடி வேலை பார்க்கும் டிங்கர். முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடாக ஓடியது உடம்பு. அதில் காது முளைத்த மாதிரி இரண்டு கண்ணாடியை ஒட்டினால் எல்லாம் கெட்டுவிடும் என்றேன்.

அவள் சேலையூரில் ஒரு பள்ளியில் டீச்சர். மேற்கு தாம்பரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய்வருகிறவள்.

"நான் காருங்களுக்கு இடப்பக்கமாத்தான் போறேன். கண்ணாடியில டிரைவர் முகம் தெரிஞ்சாத்தான், அவரு என்னைப் பாத்துட்டாருன்னு ஒரு தைரியம் வரும். உங்க கார் பக்கத்துல வர்றவங்க யார் முகத்தைப் பாப்பாங்க?"

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

சில மாதங்கள் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர் வரை போய்த் திரும்புவோம். பைக்கில் போகிற பையன்கள் பக்கத்தில் வந்து போட்டோ எடுப்பார்கள். அவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வருவாள்.

அவள் வராத ஒரு நாள், பெருங்களத்தூரில் இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். இடப்பக்கம் பார்த்தேன். காலி ரோடு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். இடப்பக்கக் கதவில் படீரென்று ஒரு அறை விழுந்தது.

பிரேக்கை மிதித்துவிட்டு எட்டிப் பார்த்தால், சாப்பாடு டெலிவரி செய்கிற பையன் ஒருவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் என் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே விழவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"இன்னா சார் இப்படி ஒடிக்கிற? பக்கத்துலயே வந்துகினு கீறேன், தெரியல? கொஞ்சம் விட்டிருந்தா சக்கரத்துல பூந்திருப்பேன்!"

அவன் திட்டிக்கொண்டே போய்விட்டான். ஸ்டியரிங்கிலிருந்து விரல்களைப் பிரிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. பார்க்காமல் திருப்பியிருந்தால் மனம் அவ்வளவு கலங்கியிருக்காது. நான் பார்த்தேன். பார்த்த இடத்தில் யாருமே இல்லை. பிறகு அங்கே ஒரு ஆள் நின்றான்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. மறுநாளே இரும்புலியூரில் இருக்கிற டிங்கரிடம் காரைக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டச் சொன்னேன்.

"இன்னா பாய், நாமளே அடைச்ச ஓட்டைய நாமளே போடுறதா? அழகே பூடும்."

"போகட்டும். போடுங்க."

அவர் கதவில் டிரில்லை வைத்தபோது பச்சை பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. வேறொரு சமயமாக இருந்தால் எனக்கு வயிறு எரிந்திருக்கும். அன்று, சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது. வட்டமான இரண்டு குரோம் கண்ணாடிகள். மனைவி பார்த்துவிட்டு, "இப்பத்தான் நிம்மதி" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஒரு காலை, வெளியே எடுக்கும்போது இடப்பக்கக் கண்ணாடி எங்கள் வீட்டு கேட் தூணில் மோதி நொறுங்கியது. கார் அகலமாகிவிட்டது, இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டு வேறு மாட்டினேன். அதுவும் அதே தூணில் போனது. டிங்கர் மூன்றாவதை மாட்டிக்கொண்டே, "தூணை இடிச்சுடு பாய், செலவு கம்மி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டும்போதெல்லாம் காரை நிறுத்தி நிறுத்தி எடுத்தேன்.

பிறகு முடிச்சூர் ரோடு. அன்று மனைவி பக்கத்தில் இருந்தாள். "ஏங்க, வண்டி, வண்டி!" என்று அவள் கத்துவதற்குள் கண்ணாடி ஒரு தள்ளுவண்டியின் ஓரத்தை இழுத்துவிட்டது. கொய்யாப்பழங்கள் ரோடு முழுக்க உருண்டன. வண்டிக்காரர் ஓடிவந்து பானெட்டில் தட்டினார்.

"இம்மாம் பெரிய வண்டி நிக்குது, கண்ணு தெரியல?"

எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் மனைவி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். பழங்களைப் பொறுக்கிக் கொடுத்து, நசுங்கியதற்குப் பணம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன்.

"என்னைப் பாக்காதீங்க. நேரா ரோட்டைப் பாருங்க."

பார்த்தேன்.

"இப்ப நான் என்ன பண்றேன்?"

"சும்மாத்தான் உக்காந்திருக்கே."

எதற்குக் கேட்கிறாள் என்று பொறுக்கமுடியாமல் திரும்பினேன். என் கன்னத்துக்குப் பக்கத்திலேயே கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வளையல்கூட அசைந்துகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். காரை அங்கேயே பூட்டிவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போனோம்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு இருட்டறைக்குள் உட்காரவைத்து, ஒரு மெஷினில் தாடையைப் பொருத்தச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, கையில் பட்டன் கொடுத்தார் அங்கிருந்த பெண். நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்கவேண்டும், சுற்றிலும் எங்கே வெளிச்சம் மின்னினாலும் பட்டனை அழுத்தவேண்டும். வலது கண்ணுக்கு மின்னல்கள் வந்துகொண்டே இருந்தன, அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது கண்ணுக்கு மாற்றியதும் ஒன்றிரண்டு வந்தன. பிறகு எதுவும் வரவில்லை. காத்திருந்தேன். கரண்ட் போய்விட்டதோ என்று தோன்றியது.

"மெஷின் நின்னுபோச்சாம்மா?"

"இல்ல சார், ஓடிட்டுத்தான் இருக்கு. புள்ளியையே பாருங்க."

உற்றுக் கேட்டேன். மெஷினுக்குள்ளிருந்து மெல்லிய டிக், டிக் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் மின்னுகிறது என்று புரிந்தது. ஒருமுறை, எதுவும் தெரியாமலே, சும்மா அழுத்திப் பார்த்தேன்.

கண்ணுக்குள் பிரஷர் ஏறி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருக்கிறது என்றார் டாக்டர். இடது கண்ணில் ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, வலதிலும் ஆரம்பித்திருக்கிறது.

"ஆனா எனக்கு எங்கயும் இருட்டா தெரியலையே டாக்டர்?"

"தெரியாது. வலியும் இருக்காது. விட்டுப்போன இடத்தை மூளையே நிரப்பிக்கும். ரோடு காலியா இருக்கற மாதிரி காட்டும்."

போனது திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். இனி கார் ஓட்டவேண்டாம் என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றிருக்கவேண்டும். உண்மையில், யாரோ என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதன் பிறகுதான் பயம் முழுதாக வந்தது. போய்வந்த பயணங்களெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் ஓடின. பள்ளிக்கூட வாசல்கள், பஸ் ஸ்டாண்டு, மழைநாள். எத்தனை இடத்தில் காலியாகத் தெரிந்த ரோட்டை நம்பித் திருப்பியிருப்பேன்? எத்தனை பேர் தாங்களாகவே ஒதுங்கிப் பிழைத்திருப்பார்கள்? இப்போது நடந்து போகும்போதும் கோழி மாதிரி தலையை வெட்டி வெட்டிப் பார்க்கிறேன். வீட்டில் நாற்காலி காலில் இடித்தால், அது இத்தனை நேரம் அங்கேதான் இருந்ததா என்று நின்றுவிடுகிறேன்.

காரை விற்றுவிடலாம் என்று சொல்லிவைத்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு இளைஞர் பார்க்க வந்தார். ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"செம வண்டிண்ணா. இந்த மிர்ரர் ரெண்டையும் தூக்கிட்டு ஓட்டைய அடைச்சுட்டா இன்னும் சும்மா வழுக்கிட்டுப் போகும்."

அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் காரின் இடப்பக்கமாக யாரோ ஒருவர் ஸ்கூட்டியில் போவது எனக்குத் தெரிந்தது. விற்பதாக இல்லை தம்பி என்றேன். நான் வேண்டுமென்றே விலையை ஏற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போனார்.

மனைவியிடம் எப்போதோ எடுத்த லைசென்ஸ் இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் மறுபடி சேர்ந்து பழகினாள். போன ஞாயிறு, வண்டலூர் வரை போய்வரலாம் என்று என்னை இடப்பக்கம் உட்காரவைத்து எடுத்தாள். எனக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. பைக்குகளின் சத்தம் மட்டும் காதருகே திடீரென்று எழுந்து, முன்னால் உருவமாகி ஓடியது. ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி போனதும், அவள் வண்டியை ஓரங்கட்டி ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினாள்.

டீயைக் கையில் வாங்கியும் குடிக்காமல் நின்றாள்.

"உள்ளுக்குள்ள நடுங்குதுங்க."

"எனக்கும்தான்."

"உங்களுக்குமா? அப்ப வண்டலூர் வேணாம்."

"வேணாம்."

டீ ஆறும் வரை நின்றோம். பிறகு அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஏறினாள். அடுத்த யூ-டர்னில் திரும்பி, வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.