மாடி வாசலில் ஆண் செருப்பு

தொண்ணூறுகளில், மலையடிவாரத்துச் செங்கம் சாலையில் எங்கள் மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்குத் துணை ஆறு வயது மகள் மட்டும்தான். தாய்க்கு நெடிய உடம்பு, வெயிலில் சிவந்த கழுத்து. வீட்டில் ஆண் யாரும் இல்லை; ஆனாலும் அவர்கள் வாசலில் ஒரு ஜோடி பெரிய ஆண் செருப்பு கிடக்கும். காலையில் அதை வெளிப்பக்கமாகவும், மலைநிழல் இறங்கும் மாலையில் உட்பக்கமாகவும் திருப்பி வைப்பார்.

"யாருதுங்க இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருதும் இல்ல. பஜார்ல வாங்கினேன். உள்ள ஆம்பள இருக்கார்னு நெனச்சா எவனும் வரமாட்டான்" என்று, கடைத்தெருவில் கற்ற தமிழில் சொல்லிச் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. "மெதுவா பேசுங்க அங்கிள். அவரு தூங்கறாரு" என்றாள். தாயின் முகம் வெளிறிப்போனது.

அவர்கள் தங்கள் நாட்டுக்குப் போய் வெகுகாலமாகிறது. செருப்பு மட்டும் உட்பக்கம் பார்த்தபடி அங்கேயே கிடக்கிறது. பூட்டிய அந்தக் கதவைத் தாண்டி மொட்டைமாடிக்குப் போகையில், நானும் சத்தமில்லாமல்தான் நடக்கிறேன்.