இங்கன இருக்குல்லா, அதான் பழசு

மதினி லேப்டாப்பைக் குப்புறக் கிடத்தி, அதன் முதுகில் இருந்த ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பணியாரச் சட்டியின் குழிகளில் போட்டுக்கொண்டிருந்தாள். எந்த மூலையில் கழற்றினாளோ அந்த மூலைக் குழியில் போட்டுவைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது என்பது அவளுடைய யோசனை. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் இலத்தூர் வீட்டில் குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். நான் அவள் பக்கத்தில் உட்காருவதும், எழுந்து வாசல்வரை போய்வருவதுமாக இருந்தேன். "ஏட்டி, ஒரு இடத்துல இரியேன். நீ நடக்க நடக்க எனக்குக் குழி மாறுது" என்றாள். தென்காசியில் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. பகல் முழுக்க அங்கே உட்கார்ந்து தீர்த்துவிடுவதால், வீட்டில் உட்காருவதற்கு என்னிடம் பொறுமை மிச்சமிருப்பதில்லை.

மதினி என் அண்ணன் மனைவி, செங்கோட்டைக்காரி. அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டால் "மலைதான்" என்பான், அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டான். அங்கே போனில் சிக்னல் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரு போட்டோ அனுப்பினாலே பாதிவரை போய்ச் சுற்றிக்கொண்டு நிற்கும். அதனால் மகள் பிறந்த நாள் முதலாக மதினி எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து, போன் நிறைந்ததும் லேப்டாப்பில் கொட்டிவைத்தாள். பிள்ளை குப்புற விழுந்தது, முதல் பல், பால்வாடிக்குப் போக மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதது, "அப்பா எங்க?" என்று கேட்டால் போனைத் தொட்டுக் காட்டியது, எல்லாம் அதில் இருந்தன.

அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் மதினி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்பாள். "பாக்கேன், பாக்கேன். எங்க போயிரப் போவுது?" என்பான். கல்யாண வீடு, துட்டி கேட்கும் சாவு வீடு, வரப்புத் தகராறு, கூட்டாளிமார் என்று லீவு கரைந்துவிடும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அடுத்த தடவ வந்து பாத்துக்கிடுதேன்" என்று கிளம்பிவிடுவான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பெற்ற பிள்ளையைப் பார்க்க நேரமில்லாத நீ என்ன மனுஷன் என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போவான். மதினி லேப்டாப்பைத் துண்டால் துடைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவாள்.

அந்த வருஷம் லேப்டாப் நகர மறுத்தது. ஒரு வீடியோவைத் தட்டினால் பிள்ளை ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு அப்படியே ஒற்றைக் காலில் நிற்கும். மதினிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை காலம் சாக்குச் சொன்ன மனுஷன் இந்தத் தடவை மனமிரங்கி உட்கார்ந்து, படம் சிக்கிச் சிக்கி ஓடினால் எழுந்து போய்விடுவானே! உள்ளே இருக்கும் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, வேகமான புது டிஸ்க் ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டால் படம் தண்ணீராய் ஓடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடையில் கொடுத்துவிடுவோம் என்றேன். "வீட்டுப் படம்லா. ஊரான் கையில எதுக்குக் குடுக்கணும்?" என்றாள். எப்படித் திறப்பது என்று போனில் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடமே செய்திருந்தாள்.

மூடியை நெம்பும்போது ஒவ்வொரு கொக்கியும் 'டக்' என்று விட்டுக்கொடுத்த சத்தத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. உள்ளே தூசி, பிள்ளை சிந்திய பிஸ்கட் தூள், அதைத் தேடி வந்து செத்துக் கிடந்த எறும்புகள். பழைய டிஸ்க் சீட்டுக்கட்டு அளவுதான் இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, நம்ம பிள்ள மொத்தமும் இதுக்குள்ளதான் கிடக்கா" என்றாள். புதியதை அதன் இடத்தில் பொருத்தினாள். பழையதை ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு வயரால் லேப்டாப்போடு இணைத்தாள். நகலெடுக்கும் புரோகிராமையும் ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தாள். திரையில் இரண்டு கட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. இரண்டு டிஸ்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பெயரென்று இருந்ததெல்லாம் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான். எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை.

அண்ணனுக்குப் பட்டாளத்தில் கம்ப்யூட்டர் பக்கம்தான் வேலை. வீடியோ காலில் கூப்பிட்டோம். அன்றைக்கென்று பார்த்து உடனே கிடைத்தான். போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டியது நான். "இதுல எதுங்க பழசு?" என்று மதினி கேட்டாள். "இங்கன இருக்குல்லா, அதான் பழசு" என்று விரலை நீட்டினான். எங்கள் போனில் அந்த விரல் வலப்பக்கம் சாய்ந்தது. "அங்கனதான?" என்று மதினி வலப்பக்கக் கட்டத்தைத் தொட்டாள். "ஆமாட்டி, அங்கனதான்" என்ற குரல் வந்தது. படம் அதற்கு முன்பே உறைந்திருந்தது. பிறகு லைனும் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் இந்த இங்கனவையும் அங்கனவையும் வைத்துக்கொண்டே வழி சொல்லி, வரப்பு பிரித்து, வாய்ச்சண்டையும் போட்டுவிடுவோம். கூட ஒரு விரல் மட்டும் வேண்டும். எதிரெதிரே நிற்பவர்களுக்கு இடம் வலம் மாறிவிடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

மற்ற டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று லேப்டாப் கேட்டது. "புதுசுல அழியதுக்கு என்ன இருக்கு?" என்று மதினி சரி கொடுத்தாள். ஒரு துணுக்கும் விட்டுப்போகக் கூடாது என்று, இண்டு இடுக்கு பாக்கியில்லாமல் நகலெடுக்கும் முறையைத் தேடிப் பிடித்துத் தட்டினாள். சாயங்காலம்வரை அது ஓடிக்கொண்டிருந்தது. இடையில் டீ போட்டாள், பிள்ளைக்குத் தலை பின்னினாள், பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். முடிந்ததும் புதியதைத் திறந்தோம், காலி. பழையதைத் திறந்தோம்; அதுவும் காலி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. புதிய டிஸ்கின் வெறுமையை ஒரு துணுக்கு விடாமல் பழையதன்மேல் எழுதி முடித்திருந்தோம். மதினி அழவில்லை. பணியாரச் சட்டியிலிருந்து ஸ்குரூக்களை எடுத்து அதனதன் இடத்தில் மாட்டினாள். ஒன்றுகூட மாறவில்லை.

தென்காசியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். மேலேயே எழுதிவிட்டதால் இனி மீட்க முடியாது என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "அவுககிட்ட எப்படிட்டி சொல்லுவேன்?" என்று பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அண்ணன் வரும்வரை அவளுக்கு உறக்கம் இல்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள்.

அவன் வந்தான். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவனிடம் அடுக்களை வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்துவான், பதிலுக்கு நான் கத்த வேண்டும் என்று தயாராக நின்றேன். "சவத்த விடு, போனாப் போவுது" என்றான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். "பாக்கக் கூடாதுன்னுதாம்ட்டி இருந்தேன். ஒரு தடவ நீ உறங்கும்போது ஒண்ணே ஒண்ணு பாத்தேன். தூணக் கட்டிக்கிட்டு அழுவாள்லா, அது. அந்தத் தடவ எனக்கு ரயில்ல ஏறக் கால் வரல. இன்னொண்ணு பாத்தா நான் திரும்பிப் போவ மாட்டேன்."

மதினி, "அப்ப இத்தன வருசமா நான் யாருக்கு எடுத்தேன்?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள். அண்ணன்மேல் எனக்கிருந்த ஆத்திரம் அன்றோடு போனது. மதினியை நினைத்தால் வரும் வேதனை மட்டும் போகவில்லை. அவரவர் பயத்தை அவரவர் மூடி வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். நான் குறுக்கும் நெடுக்கும் நடந்ததைத் தவிர ஒன்றையும் கவனித்ததில்லை.

அதற்குப் பிறகு சில குற்றாலச் சீசன்கள் வந்து போய்விட்டன. அண்ணன் இன்னும் மலையில்தான் இருக்கிறான். லேப்டாப் இப்போது தட்டினால் பறக்கிறது; பிள்ளை அதில் வீட்டுப்பாடம் செய்கிறாள், செய்வதாகச் சொல்லிக்கொண்டு விளையாடுகிறாள். மனதிலிருந்த பயத்தைச் சொல்லிவிட்டதாலோ என்னவோ, இப்போதெல்லாம் அண்ணனே போனில் கேட்கிறான், பிள்ளை படம் ஏதாவது இருந்தால் அனுப்பு, பார்க்கிறேன் என்று.

இந்தச் சாரலுக்கு நான், மதினி, பிள்ளை மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போனோம். எப்போதும் நானும் பிள்ளையும் குளிப்போம். மதினி போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, தெறிக்கும் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து ஒதுங்கி நின்று எடுப்பாள். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவள், பிள்ளை பிறந்த பிறகு அருவியில் தலை நனைத்ததில்லை. இந்தத் தடவை போனைப் பைக்குள் போட்டு, பையை எங்களைக் கூட்டி வந்த ஆட்டோ அண்ணாச்சியிடம் கொடுத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போனாள். தண்ணீர் தலையில் அறைந்ததும் என்னவோ கத்தினாள், இரைச்சலில் கேட்கவில்லை. நான் வழக்கம்போல உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். அவள் அசையவில்லை. பின்னால் நின்ற பெண்கள் "ஏக்கா, எங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க" என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தாள்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். பிள்ளை அருவிக் கதையை மூச்சு விடாமல் சொல்லி முடித்துப் போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"வீடியோ எடுத்தியாட்டி?" என்று ஆவலாகக் கேட்டான்.

"எடுக்கல" என்றாள் மதினி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே. "நானும் குளிச்சேன்."