மூவார் பயிற்சியில் என் கணவர்

மூவாரில் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த ஒருநாள் மனித உரிமைக் கல்விப் பயிற்சியின் பெயர்ப்பட்டியலில் என் கணவர் பெயரும் இருந்தது. கூலாயில் அவர் வேலை செய்யும் பள்ளி அனுப்பியிருந்தது. பயிற்சி நடத்துபவள் நான். பல வருடம் வரலாறு கற்பித்துவிட்டு, இப்போது ஒரு சிறிய தன்னார்வக் குழுவோடு இந்த வேலையைச் செய்கிறேன்.

“வேற ஆளை அனுப்பச் சொல்லுங்களேன்” என்றேன்.

“பள்ளி முதல்வர் முடிவு பண்ணிட்டாரு. நான் ஓரமா உக்காந்துக்கறேன். நீ என்னைக் கண்டுக்காத லா.”

அவர் கட்டொழுங்கு ஆசிரியர். எங்களுக்குள் தீராத ஒரே சண்டை மாணவர்களின் பையைப் பற்றியது. திடீர்ச் சோதனை என்றால் பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டிவிடுவார். “தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?” என்பார். “பயம் வேற, கூச்சம் வேற” என்பேன். அதற்குமேல் பேச்சு நகராது.

அந்த வருடம் எனக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. காரில் நான் எது பேசினாலும் அவரிடமிருந்து பதில் வராது. சாலையைப் பார்த்தபடி ஓட்டுவார். என் பேச்சு சலித்துவிட்டது என்று நானாகவே முடிவுகட்டி, பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

பயிற்சியில் தனியுரிமை பற்றிய பாடத்தை நான் எப்போதும் ஒரே விதமாகத்தான் தொடங்குவேன். ஒவ்வொருவரும் தம் பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கவேண்டும். அவர் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து எல்லாருக்கும் காட்டவேண்டும். யாரும் கொடுக்கமாட்டார்கள். சிரிப்பார்கள், பையை மடியில் இறுக்கிக்கொள்வார்கள். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டுத்தான் மேலே போவேன்.

அன்று என் கணவர் கொடுத்துவிட்டார். எனக்குப் பதில் சொல்வதாக நினைத்திருப்பார். வலப்பக்கம் இருந்த இளம் மலாய் ஆசிரியை தயக்கத்தோடு வாங்கினார். சிவப்புப் பேனாக்கள், பிஸ்கட் பொட்டலம், ஒரு சீப்பு. பாதி வழுக்கைத் தலைக்குச் சீப்பா என்று அறையே சிரித்தது, அவரும் சிரித்தார். அடுத்து ஒரு நீண்ட உறை வந்தது.

ஆசிரியையின் சிரிப்பு நின்றது. உறையைத் திரும்ப உள்ளே வைத்தார். ஜிப்பை மூடி, பையை என் கணவர் மடியில் வைத்தார். “நான் எதையும் பார்க்கவில்லை, சார்” என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

முன்னால் நின்ற எனக்கு மருத்துவமனை முத்திரை தெரிந்துவிட்டது. என் கணவர் தலைகுனிந்துகொண்டார். அப்படியொரு முகத்தை நான் வீட்டில் பார்த்ததேயில்லை. பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

மதிய உணவின்போது அவர் கைகழுவப் போனார். பை நாற்காலியில் இருந்தது. அருகில் போய் ஜிப்பில் கைவைத்தேன். மனைவிதானே, எனக்குத் தெரியக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

மாலையில் திரும்பும்போது காரில் சொன்னேன். “பையில என்னன்னு நான் கேக்க மாட்டேன். சொல்லணும்னு தோணுனா சொல்லுங்க.”

பதில் இல்லை. செம்பனைத் தோட்டங்களைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதேன்.

நெடுஞ்சாலை ஓய்விடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து தே தாரிக் தேநீர் குடிக்கும்போதுதான் அவர் என் கண்களைக் கவனித்தார்.

“அலமாக், அழுதியா? ஏன்மா?”

“கார்ல சொன்னேனே. நீங்க வாயே திறக்கல.”

கிளாஸைக் கீழே வைத்தார். “எனக்குக் கேக்கலமா. நெசமா கேக்கல. இடது காது ரொம்ப நாளா மந்தம். ஓட்டுறப்ப நீ அந்தப் பக்கம்தானே உக்கார்ற.”

காதுப் பரிசோதனைக்கான கடிதம் அது. அவ்வளவுதானா என்று உயிர் திரும்பியது. உடனே கோபம் வந்தது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சு. கட்டொழுங்கு வாத்தியாருக்குக் காது கேக்கலன்னா பிள்ளைங்க சும்மா விடுவாங்களா? உன்கிட்ட சொன்னா நெசமாயிரும்னு தோணுச்சு.” கிளாஸை ஓரமாக நகர்த்தினார். “அந்த டீச்சர் ஜிப்பை மூடினாங்க பாரு. இத்தனை வருசத்துல நான் ஒரு பையையும் அப்படி மூடினதில்ல.”

அவர் வலது காதுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பைப் பயிற்சியை நான் அதன்பின் நடத்தவில்லை. ஒருவர் சரியென்று பையை நீட்டிவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே கிடையாது. இப்போது ஆசிரியர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, மாணவராக இருந்தபோது வெட்கப்பட நேர்ந்த ஒன்றைச் சொல்லச் சொல்கிறேன். விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம்.

என் கணவரின் பள்ளியில் சோதனை இன்னும் நடக்கிறது. ஆனால் தனி அறையில், ஒவ்வொருவராக, மாணவரே தம் பையைத் திறந்து காட்டுகிறார். கைப்பேசி இருந்தால் பறிமுதல்தான்; அந்த விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வருவதாக இல்லை.

செவிப்பொறி வந்ததும் நான்காம் படிவ வகுப்பில் தாமே அதைக் காட்டினாராம். முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“சார், அப்படின்னா போன வருசம் நாங்க சொன்னதெல்லாம் உங்களுக்குக் கேக்கலையா?”

“பாதி கேக்கல.”

“அப்ப மறுபடியும் சொல்லலாமா சார்?”

சொல்லச் சொன்னாராம். அந்தப் பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்றாம்.