அகில் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து

வெள்ளி, காலை 6.10, பாரிஸ், கார் து நோர் ரயில் நிலையம். கார்ஜ் புறநகரிலிருந்து ஆர்இஆர் டி ரயிலில் வந்திறங்கிய சுகந்தி அக்காவின் ஒரு கையில் சிறு பெட்டி, மறு கையில் நீலக் கோப்பு. கோப்பில் இருந்தது பிரெஞ்சுக் குடியுரிமை நேர்காணலுக்கான அழைப்பு: திங்கள் காலை 9 மணி, பிரிபெக்தூர் என்னும் மாவட்ட அரசு அலுவலகம். நாங்கள் டிக்கெட் எடுத்து, அயர்லாந்து விசாவும் வாங்கிய பிறகுதான் அது வந்தது. தவறவிட்டால் அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"பயமா இருந்தா விட்டுடலாம் அக்கா."

"ஏன் விடுவான்? ஞாயிறு இரவு வீட்டிலை நிப்பம். பத்தொன்பது வருஷமா ஊர் உலகத்தை எல்லாம் ஏத்தி அனுப்பிறன். நான் போனது லூர்து மாதா கோயிலுக்கு மட்டும், அதுவும் றெயில் கோச்சியிலை."

அவர் பாரிஸின் லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடையில் வேலை செய்கிறார். நான் ரயில் சிக்னல் மென்பொருளைச் சோதிப்பவள். நேர அட்டவணையில் எங்களுக்குத் தவறு நேராது என்று இருவருமே நம்பினோம்.

டப்ளினுக்கு விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து மேற்கே மேயோ மாவட்டத்துக்கு ரயிலில் மூன்றே கால் மணி. இறங்கிய வெஸ்ட்போர்ட், கல் பாலங்களும் ஆற்றோர மரங்களும் கொண்ட சிறு நகரம். தேநீரும் ஸ்கோன் என்ற சிறு ரொட்டியும் 6.50 யூரோ. பிறகு பேருந்தில் நியூபோர்ட், மல்ரனி வழியாக அகில் தீவு. தீவையும் நிலத்தையும் ஒரு குட்டைப் பாலம் இணைக்கிறது. நாங்கள் தங்கிய கீல் கிராமம் அதற்கு அப்பால் 14 கிலோமீட்டர்.

சனி, காலை 9.30. கீம் விரிகுடாவுக்கு எட்டு கிலோமீட்டர் நடந்தோம். வலப்புறம் மலை, இடப்புறம் செங்குத்துச் சரிவு, அதன் அடியில் அட்லாண்டிக். சாலையில் எங்களைத் தவிர ஆடுகள்தான். யாருடையவை என்று தெரிய முதுகில் நீலமோ சிவப்போ பூசியிருந்தார்கள். கடைசித் திருப்பத்தில் மலைகள் மூன்று பக்கமும் இறங்கி வந்து கொஞ்சம் வெண்மணலைச் சூழ்ந்து நின்றன. நீரின் நிறத்தைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். பச்சை. எழுதி முடிக்குமுன் மேகம் நகர்ந்தது, நீலம். பிறகு ஈயம். நான்காவது நிறத்துக்கு என்னிடம் சொல் இல்லை. பேனாவை மூடினேன்.

"லா சப்பலிலை இப்பிடி ஒரு இடம் இருந்தா, இதுக்குள்ளை நாலு றோல்ஸ் கடை வந்திருக்கும்," என்றார் அக்கா, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவை நினைத்து. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் காலைப் புதைத்து அமர்ந்துகொண்டார்.

ஞாயிறு, காலை 10.25. கீல் நிறுத்தத்தில் நின்றோம். வெஸ்ட்போர்ட் ரயிலைப் பிடிக்க உதவும் ஒரே பேருந்து 10.40க்கு. சரியாக வந்தது. ஆனால் சாலையின் எதிர்ப்பக்கமாக வந்தது. ஓட்டுநர் எங்களைப் பார்த்து, இந்த ஊர் வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போயே போனார்.

"எடியே, அது எங்கடை பஸ்!"

நான் பிறந்தது கோயம்புத்தூர், அக்கா பிறந்தது சாவகச்சேரி. இரண்டு ஊரிலும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன, அயர்லாந்திலும் அப்படியே. ஆனால் பாரிஸ் எங்கள் கால்களை மாற்றியிருந்தது. யோசிக்காமலே வலப்பக்கம் போய் நின்றிருக்கிறோம்.

எதிரே கடை வாசலில் ஒருவர் தீவன மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்; முன்னிருக்கையில் அவருடைய நாய். ஓடிப்போய் ஒரே மூச்சில் சொன்னேன்: ரயில், விமானம், நாளை ஒன்பது மணி, குடியுரிமை. அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"மேரி, பேருந்து பாலத்தடியில் உன் கடைக்கு வந்ததும் நிறுத்தி வை. ஒரு பெண்ணுக்கு நாளைக்குப் பாரிஸில் பெரிய காரியம்." பிறகு எங்களிடம், "ஏறுங்கள். நாய் பின்னால் போகும்."

முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி அமர்ந்தோம். நாலாவது கிலோமீட்டரில் ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. அவர் வண்டியை நிறுத்தி, மேய்ப்பவருடன் வானிலை பேசினார்.

"கடவுளே, இந்த மனுசன் ஆட்டுக்கெல்லாம் நிப்பாட்டுறார்," என்று அக்கா நீலக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பாலத்தருகே பேருந்து இயந்திரத்தை அணைத்துவிட்டு நின்றது. உள்ளே பதினொரு பேர். ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முன்வரிசை அம்மாள் ஒருவர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். "உங்களில் பிரெஞ்சுக்காரி ஆகப்போவது யார்?"

அக்கா பள்ளிப் பிள்ளைபோல மெல்லக் கை தூக்கினார். பேருந்தே கைதட்டியது.

மல்ரனி தாண்டியதும் வலப்புறம் விரிகுடா திறந்தது. நீரெங்கும் பசுந்தீவுகள், நாளுக்கொன்றாக ஓர் ஆண்டுக்கு உண்டு என்கிறார்கள். நாற்பது வரை எண்ணி நிறுத்தினேன். ரயில் இரண்டு நிமிடம் தாமதமானால் அதைப் பிழை என்று குறிப்பது என் வேலை. இந்தப் பேருந்து எங்களுக்காக ஒன்பது நிமிடம் நின்றது. அதற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.

திங்கள் பகல் 11.40க்கு அக்காவின் குரல் செய்தி வந்தது: "உள்ளுக்குப் போய் வந்திட்டன் பிள்ளை. கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னன், முடிவு பிறகு வருமாம். இப்ப கடையிலை நிக்கிறன். ஒரு குடும்பம் அயர்லாந்துக்கு டிக்கெட் கேட்டு வந்திருக்குது. றோட்டிலை எந்தப் பக்கம் நிக்கவேணும் எண்டு படம் கீறிக் குடுத்துக்கொண்டு இருக்கிறன்."