சீல் வைத்த ஐஸ் கம்பெனி

1958-ஆம் வருஷம், வைகாசி வெயிலில், புதுச்சேரியில் நடந்தது இது. ஊருக்கெல்லாம் ஐஸ் கொடுத்துவந்த ஒரே கம்பெனியில் நான் அப்போது குமாஸ்தா. கம்பெனி திவாலாகிவிட்டது. அதைக் கலைத்துவிடும்படி ஒரு வெள்ளிக்கிழமை கோர்ட்டில் தீர்ப்பானது. இந்தியக் கொடி ஏறியிருந்தாலும் கோர்ட்டில் இன்னும் பிரெஞ்சுச் சட்டம்தான். கம்பெனியை முடித்துவைக்க கோர்ட்டு நியமித்த அதிகாரி அன்று மாலையே வந்தார். 'சேந்திக்' என்போம் அவரை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். எங்களை வெளியே அனுப்பினார். கதவைப் பூட்டி, பூட்டின்மேல் சிவப்பு அரக்கை உருக்கி முத்திரை குத்தினார். உள்ளே அறை நிறைய ஐஸ் பார்கள். அவற்றை விற்க நீதிபதியின் தனி உத்தரவு வரவேண்டுமாம்.

எங்கள் எஞ்சின்காரர் அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார். எஞ்சின் சத்தம் இல்லாத தெரு அவருக்கு அந்நிய ஊர் போலிருந்திருக்கும். மறுநாள் காலை முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் சாய்ந்தார். எழவில்லை.

அவருக்கு ஒரே மகள், கரக்பூரில் வாழ்க்கைப்பட்டவள். தந்தி கொடுத்தோம். ரயிலேறுகிறேன், திங்கள் காலை வந்துவிடுவேன், அப்பா முகம் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்று பதில் வந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். எந்த மதத்தாரானாலும் சாவு வீட்டுக்கு ஐஸ் இலவசம். கைவண்டியில் ஏற்றி, உமி தூவி, கோணி போர்த்தி அனுப்புகிறவரே எஞ்சின்காரர்தான். அவர் வீட்டுக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு துண்டு இல்லை.

ஆட்கள் கடப்பாரையோடு கதவண்டை கூடிவிட்டார்கள். சேந்திக் ஓடிவந்தார்.

"என்னா முசியே, ஐஸு உருகுது, உங்க அரக்கு மட்டும் உருக மாட்டேங்குதே! வெயிலே உருக்கிட்டா யாரு மேல கேஸு போடுவீங்க?" என்றான் ஒருவன்.

"இது இப்ப கடன் குடுத்தவங்க சொத்துப்பா. உத்தரவு இல்லாம தொட்டா நீயும் திருடன், நானும் திருடன்." என்றார் சேந்திக். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு நீதிபதி வீட்டுக்குப் பறந்தார். நீதிபதி காரைக்கால் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவாராம்.

கடப்பாரையைக் கீழே போடச் சொன்னது எஞ்சின்காரரின் மனைவி. "வாணாம்பா. நீங்க ஜெயிலுக்குப் பூட்டா உங்க புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா? அவரு இருந்தா உங்கள அடிச்சிருப்பாரு."

கடலூருக்கு வண்டி அனுப்பினோம். வந்ததில் பாதி வழியிலேயே தண்ணீராகியிருந்தது. மீதியை வைத்து ஓர் இரவைத் தள்ளினோம். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் உடம்பு தாங்கவில்லை. மாதா கோயில் சாமியார் வந்தார். கோயில் மணி அடித்தது.

கல்லறைக்குப் போகும் வழி கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போகிறது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு, தெருவின் குறுக்கே ஓடியது. பெட்டியைத் தூக்கிச் சென்ற எங்கள் கால்கள் அதில் நனைந்தன. அவ்வளவு ஜில்லென்று. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திங்கள் காலை மகள் வந்தாள். அப்பாவைக் கிடத்தியிருந்த வெறும் பெஞ்சைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அழக்கூட இல்லை. "ஒரு நாளு வச்சிருக்கக் கூடாதா அண்ணே? நீங்கல்லாம் ஐஸ் கம்பெனிக்காரங்கதானே?" என்று என்னைக் கேட்டாள்.

அன்று பகலில் உத்தரவு வந்தது. சேந்திக் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலை, எத்தனையோ ஊர். யார்மேல் தப்பு என்று நானும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். கோர்ட்டும், சேந்திக்கும், கடப்பாரையைத் தடுத்த அந்த அம்மாளும் அவரவர் நியாயத்தில்தான் நின்றார்கள். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் இந்தத் துக்கம் என்றைக்கோ ஆறியிருக்கும்.