இருட்டில் பச்சையான கோதுமை

ஆம்பூர் தபரேஸுக்குக் கண்தான் சொத்து. இருபத்திரண்டு வருஷம் தோல் தொழிற்சாலையில் நிறம் பார்த்தவர். நமக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பழுப்புத் தோல்கள் அவருக்கு அண்ணன் தம்பி. அதுவும் பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி. கம்பெனி மூடியதும், காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெர்சி மேடத்தின் தாவர ஆய்வகத்துக்கு உதவியாளராகப் போனார். ஒரு வருஷ ஒப்பந்தம். இந்த மாதம் முடிகிறது. நீட்டிக்க மேடம் கையெழுத்துப் போடணும்.

மேடம் ஆராய்வது ஒரு நொதியை. அதன் பேரை முழுசாகச் சொல்வதற்குள் ரயில் ஜோலார்பேட்டை போய்விடும் என்பார் தபரேஸ். செடி பச்சையம் தயாரிக்க அந்த நொதி வேண்டும். அந்த நொதிக்கோ வெளிச்சம் வேண்டும். இருட்டென்றால் வேலைநிறுத்தம். ஆகவே மூடிய அலமாரியில் முளைத்த கோதுமை வெளிறிய மஞ்சளாகவே நிற்க வேண்டும்.

ஐந்தாம் நாள் லேசாகப் பச்சை தட்டியது.

மேடம் துள்ளினார். "பாய், இருட்டுலயே பச்சையாகுது! பூக்குற செடியில இப்படி யாருமே பார்த்ததில்ல. டைரக்டருக்குச் சொல்லிட்டேன், சாயங்காலம் மீட்டிங்!"

தபரேஸ் ஜன்னலைப் பார்த்தார். தோல்காரர்கள் ட்யூப்லைட்டில் நிறத்தை நம்பமாட்டார்கள். பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். அவரும் தினம் காலையில் கோதுமைத் தட்டை ஜன்னலோரம் வைத்து நிறம் பார்த்துவிட்டு, பத்திரமாக உள்ளே வைத்திருந்தார். அலமாரியைத் திறக்கக் கூடாது என்று மேடம் சொன்னது மாணவர்களுக்குத்தான் என்று நினைப்பு.

வாயை மூடிக்கொண்டால் கையெழுத்து நிச்சயம். ஆனால் நாளைக்கு உலகமே மேடத்தைப் பார்த்துச் சிரிக்கும்.

"மேடம், பச்சையாக்குனது நான்தான்."

"இன்னா பாய் சொல்றீங்க?"

சொன்னார். மேடம் பொத்தென்று உட்கார்ந்தார். "எவ்ளோ நேரம் வெளிய வச்சீங்க?"

"ஒரு டீ குடிக்கிற நேரம். பத்து நிமிஷம்."

"பச்சை எப்ப தெரிஞ்சுது?"

"ரெண்டாம் நாளே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"செடி மஞ்சளா இருந்தாதானே மேடம் கம்ப்ளெய்ன்ட்டு?"

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டை வந்தது. தினம் ஒரு இலை, செல்லோடேப்பில் ஒட்டி, தேதி போட்டு, மஞ்சளிலிருந்து பச்சைக்கு. கம்பெனியில் தோல் மாதிரி ஒட்டிய பழக்கம்.

மேடம் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். "பத்து நிமிஷ வெளிச்சத்துக்கு எவ்ளோ பச்சைன்னு நாளுக்கு நாள் புடிச்சு வச்சிருக்கீங்க பாய். எங்க மெஷினுக்கே இவ்ளோ பொறுமை கெடையாது."

மீட்டிங் ரத்தானது, ஒப்பந்தம் நீண்டது. அலமாரிக்குப் பூட்டு வந்தது, சாவி மேடத்திடம். ஜன்னலோரம் கறுப்புத் துணிக்குள் இன்னொரு தட்டு முளைவிடுகிறது, தினம் பத்து நிமிஷம் மட்டும் வெளிச்சம் பார்க்க. அதில் மேடமே எழுதி ஒட்டியிருக்கிறார்: 'தபரேஸ் பாய் தவிர யாரும் தொடக்கூடாது.'