மாடு படுக்கும் இடத்து மண்

காலை ஆறு நாற்பதுக்குச் செங்கல்பட்டிலிருந்து புறப்பட்ட பேருந்து, பனிக்குள் மிதப்பதுபோல் சென்றது. திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, புதுப்பட்டினம் செல்லும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன், முப்பது ரூபாய். என் மடியில் மண் எடுக்கும் நீண்ட இரும்புக் குழாய்.

"இன்னா அண்ணாத்த, போர் போடப் போறியா?" என்றார் ஓட்டுநர்.

"மண் எடுக்கப் போறேன்."

"ஏன், உன் வூட்டாண்ட மண்ணு இல்லியா?"

எட்டு மணிக்கு மேய்க்கால் நிலத்தை அடைந்தேன். கடற்காற்றில் புல்வெளி முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது. உறங்கும் உடலொன்றின் மூச்சைப் போல. பதிவேட்டில் இது வெறும் தரிசு. இதை உழுது சவுக்கு நட ஊராட்சி எண்ணியிருக்கிறது. காற்றிலிருந்து புல் எடுக்கும் கரிமம் வேர் வழியே இறங்கி, மண்ணுக்குள் நெடுங்காலம் தங்குகிறது. உழுதால் அதில் பெரும்பங்கு மீண்டும் காற்றில் கலந்துவிடும். அதை ஆய்வகத்தில் அளந்து, வரும் எண்ணைக் கிராம சபையில் படிப்பதாகத் தன்னார்வலர்களாகிய நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தோம்.

வேலமரத்தடியில் குழாயை இறக்கினேன். கறுத்த, கொழுத்த மண் வந்தது. கரிமம் மிகுந்த மண்தான் கறுக்கும் என்று மகிழ்ந்துபோனேன்.

"தம்பி, அங்க எடுக்காத."

ஆறு மாடுகளுடன் வந்த செல்வி, புதுப்பட்டினம் குடியிருப்புகளுக்குப் பால் ஊற்றுபவர். மேய்ச்சல் போனால் மாடுகளை விற்க வேண்டியதுதான் என்று முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

"மத்தியானம் மாடு படுக்கிற எடம் அது. சாணி, மூத்திரம் எல்லாம் அங்கதான். கருப்பாத்தான் இருக்கும்."

"இதை ஆய்வகத்துக்கு அனுப்பினால் உங்களுக்குத்தானேக்கா நல்லது?"

"நாளைக்கு வேற ஒருத்தன் நடுவுல தோண்டிப் பாத்து, பொய்யின்னுவான். அப்பால எந்த மூஞ்ச வெச்சுகினு நான் சபைல பேசறது? படிச்ச புள்ள, இதுகூடத் தெரியல."

கறுத்த மண்ணைக் குழியிலேயே கொட்டினேன். வெளியின் நடுவே, அவர் காட்டிய ஐந்து இடங்களில் எடுத்தேன். வெளிறிய மண், ஆனால் முழங்கை ஆழத்திலும் நூல்போல் வேர்கள்.

"உழாம வுடறதுக்கு இது போதுமா?"

"தெரியாதுக்கா."

அவர் தலையசைத்து, மாடுகளின் பின்னே புல்லுக்குள் நடந்தார்.

பதினொன்றரைக்கு மாமல்லபுரம் செல்லும் பேருந்து. ஜன்னலில் கடல் தோன்றியும் மறைந்தும் உடன் வந்தது. மடியிலிருந்த மண் பை ஒரு கிலோகூட இருக்காது. அதிலுள்ள கரிமம் போதாமல் போகலாம். போனால், அந்த எண்ணைச் செல்வியின் முன்னே எழுந்து நின்று படிக்க வேண்டியவன் நான்.